வைஃபை கார்டு செத்துப் போகவில்லை



2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வின்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் கொடுத்து வந்த ஆதரவு முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டுக்காரர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை தவணை கொடுத்தார்கள். சரி, வின்டோஸ் 11-க்கு மாறிவிடலாமே என்றால், அது பழைய கணினிகள் பலவற்றை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. இன்டெல் சில்லு உள்ள கணினியாக இருந்தால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்கிறது.

நம் வீடுகளில் இருப்பவை என்ன? தோட்டத்து லயமாகட்டும், ரவாங், பத்து ஆராங், பெஸ்தாரி ஜெயா பக்கத்து அடுக்குமாடி வீடுகளாகட்டும், பாதிக்கு மேல் கைமாறி வந்த மடிக்கணினிகள்தாம். அப்பா செம்பனைக் காட்டில் ஓவர்டைம் செய்த காசில் வாங்கியதைத் தூக்கி எறிய யாருக்கு மனம் வரும்? ஆகவேதான் இப்போது பலர் காசு கொடுக்காமல் கிடைக்கும் லினக்ஸுக்கு மாறுகிறார்கள். 1991-இல் பின்லாந்து நாட்டில் லினஸ் தோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் தொடங்கி வைத்தது அது. அதன் வகைகளில் லினக்ஸ் மிண்ட் நம்மைப் போன்றவர்களுக்கு எளிது. பிள்ளைகளின் டெலிமா பாடங்களுக்கு இணைய உலாவி ஒன்று இருந்தால் போதும். பள்ளி வேலை தடைபடாது.

ஆனால் மாற்றிய அன்று மாலையே பெற்றோரிடமிருந்து வருகிற சேதி ஒன்று உண்டு. “சார், வைஃபை காணோம். கார்டு போச்சு போலிருக்கு.” கடைக்குக் கொண்டுபோனால் புதுக் கணினியே வாங்கிவிடுங்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். கார்டு போகவில்லை, அன்பர்களே. நேற்றுவரை வேலை செய்த கார்டு ஒரே இரவில் சாவது மிக அரிது.

நடந்தது இதுதான். காலைப் பெரட்டில் ஓர் ஆள் வந்து நிற்கிறார். நல்ல வேலைக்காரர். ஆனால் புதிதாக வந்த கிராணியின் செக்ரோலில் அவர் பெயர் இல்லை. பெயர் இல்லாதவருக்கு வேலை கொடுக்க முடியாதல்லவா? வைஃபை கார்டுதான் அந்த ஆள். புதிய இயங்குதளம்தான் அந்தக் கிராணி. செக்ரோலில் பெயர் எழுதுகிற வேலையைச் செய்யும் சிறு மென்பொருளுக்கு ‘டிரைவர்’ என்று பெயர். தமிழில் இயக்கி என்கிறோம். வின்டோஸில் இருந்த இயக்கி லினக்ஸுக்கு ஆகாது. அதற்கென்று தனி இயக்கி வேண்டும்.

அந்த இயக்கி ஏன் லினக்ஸோடு கூடவே வரவில்லை? பெரும்பாலான கார்டுகளுக்கு வந்துவிடுகிறது. இன்டெல் கார்டுகள் போட்டவுடன் வேலை செய்யும். பெரும்பாலும் தகராறு செய்பவை பிராட்காம், ரியல்டெக் என்ற இரண்டு பெயர்கள்தாம். பிராட்காம் நிறுவனம் நெடுநாள் தன் சில்லுகளின் உள்விவரத்தை வெளியே சொல்லவில்லை. தன்னார்வலர்கள் பிரித்து ஆராய்ந்து தாங்களே இயக்கி எழுதினார்கள். 2010-இல்தான் அந்த நிறுவனம் தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த இயக்கியைக் கொடுத்தது. பழைய சில்லுகளுக்கு இன்றும் தனியாக ஏற்ற வேண்டியிருக்கிறது.

இங்கேதான் சிக்கல். இயக்கி இருப்பது இணையத்தில். இணையத்துக்குப் போக வைஃபை வேண்டும். வைஃபைக்கு இயக்கி வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் மனம் விட்டுப் போகிறார்கள். வழி உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் கணினியோடு இணையுங்கள். கைப்பேசியின் அமைப்புகளில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குள் ‘யுஎஸ்பி டெதரிங்’ என்று ஒன்று இருக்கும், அதைத் திறந்துவிடுங்கள். கணினி அதைக் கம்பி வழி இணையமாக எடுத்துக்கொள்ளும். வைஃபை இயக்கி தேவைப்படாது. கைப்பேசி வீட்டு வைஃபையில் இருந்தால் அதையே கணினிக்கும் கடத்திவிடும், ப்ரீபெய்ட் டேட்டா கரையாது. கம்பியில் மட்டும் கவனம் வேண்டும். சில மலிவான கம்பிகள் சார்ஜ் ஏற்ற மட்டுமே உதவும்.

இணையம் வந்ததும் மிண்டில் ‘டிரைவர் மேனேஜர்’ என்பதைத் திறந்தால், எந்த இயக்கி வேண்டும் என்று அதுவே காட்டும். 2022 டிசம்பரில் வந்த 21.1 பதிப்பு முதல் இன்னொரு வசதியும் உண்டு. இணையமே இல்லாவிட்டாலும், எந்தப் பென்டிரைவிலிருந்து மிண்டை ஏற்றினீர்களோ அதைச் செருகினால் பிராட்காம் இயக்கியை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆகவே வேலை முடிந்தது என்று அந்தப் பென்டிரைவை உடனே அழித்துவிட வேண்டாம்.

இயக்கியை ஏற்றும்போது சில கணினிகள் ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த முறை கணினி திறக்கும்போது நீலத் திரை ஒன்று வரும். பயந்துபோய் ‘கன்டினியூ’ என்பதை அழுத்திவிடுகிறார்கள். இயக்கி ஏறியிருந்தும் இயங்காமல் போவது அதனால்தான். அங்கே ‘என்ரோல்’ என்று தொடங்குவதைத் தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும்.

வின்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போட்டவர்களுக்கு ஒரு சொல். வின்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்பதை நிறுத்திவிடுங்கள். அது இருந்தால் வின்டோஸ் முழுதாக மூடாமல் அரைத் தூக்கத்தில் கார்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இனி, வெளியே செருகும் யுஎஸ்பி அடாப்டர் வாங்குகிறவர்களுக்கு. பெட்டியின் மேலுள்ள பெயரை நம்பாதீர்கள். டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற அடாப்டரைப் பாருங்கள். முதற்பதிப்பில் ஏதெரோஸ் சில்லு. லினக்ஸில் தொல்லை கிடையாது. அதே பெயர், அதே உருவம், இரண்டாம் மூன்றாம் பதிப்புகளில் ரியல்டெக் சில்லு. பதிப்பு எண் சின்ன எழுத்தில் ஓரமாக அச்சிட்டிருக்கும்.

உள்ளே என்ன சில்லு என்று அறிய, ‘டெர்மினல்’ என்னும் கறுப்புத் திரையைத் திறந்து எல், எஸ், யு, எஸ், பி என்ற ஐந்து ஆங்கிலச் சின்ன எழுத்துகளை இடைவெளி விடாமல் தட்டுங்கள். கணினிக்கு உள்ளேயே இருக்கும் கார்டானால் கடைசி மூன்றுக்குப் பதில் பி, சி, ஐ. அடாப்டருக்கு நேரே நான்கு குறிகள், முக்காற்புள்ளி, மறுபடி நான்கு குறிகள் வரும். முதல் நான்கு யார் செய்தது என்பதையும், பின் நான்கு எந்த வகை என்பதையும் சொல்லும். அந்த எட்டையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு இணையத்தில் தேடினால் விடை கிடைக்கும். மாதிரி எண்ணைப் போட்டுத் தேடினால் ஊர் சுற்ற வேண்டியதுதான்.

சில அடாப்டர்கள் செருகியவுடன் குறுந்தட்டுப் போல நடிக்கும். வின்டோஸ் இயக்கியை உள்ளே சுமந்துகொண்டு வருவதால் அந்த வேடம். கோப்புப் பட்டியலில் அதன் மேல் வலச் சொடுக்குப் போட்டு ‘எஜெக்ட்’ கொடுத்தால், பல நேரங்களில் வேடம் கலைந்து வைஃபை எழுந்து நிற்கும்.

ரியல்டெக் யுஎஸ்பி அடாப்டர்கள் பலவற்றுக்கு 2023 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் கருநிரல் 6.2-இல்தான் உள்ளேயே இடம் கிடைத்தது. ஆகவே நண்பர் எப்போதோ கொடுத்த பழைய மிண்ட் பென்டிரைவைப் போடாதீர்கள். 2024 ஜூலையில் வந்த மிண்ட் 22-இல் இருப்பது 6.8. அதற்குக் குறையாமல் போடுங்கள்.

இன்னும் மாற்றாதவர்கள் அவசரப்பட வேண்டாம். மிண்டைக் கணினியில் ஏற்றாமலேயே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வின்டோஸ் அப்படியே இருக்கும். அப்போதே வைஃபை பட்டியலில் உங்கள் வீட்டுப் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால், அந்த எட்டுக் குறிகளைக் குறித்துக்கொண்டு கணினியை மூடிவிட்டு, விவரம் தெரிந்த பிறகு சனிக்கிழமை பொறுமையாக உட்காரலாம். திங்கட்கிழமை வீட்டுப்பாடம் இருக்கும் ஞாயிறு இரவில் வேண்டாம்.