பயிற்றுவிப்பாளரின் புகழை நிறுத்துப் பார்த்தால்

2024 செப்டெம்பரில் இலங்கை உதைபந்தாட்ட அணி, 2027ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணத்துக்கான தகுதிகாண் பிளே ஓஃப் சுற்றில் கம்போடியாவை வென்றது. கொழும்பில் கோலின்றிச் சமநிலை; கம்போடிய மண்ணில் 2-2; முடிவில் பெனால்டி உதைகளில் வெற்றி. உலகத் தரவரிசையில் 200ஐயும் தாண்டிக் கிடந்த ஓர் அணிக்கு இது சிறிய காரியமன்று. நாடே மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். ஆனால் வெற்றியின் சூடு ஆறுமுன்பே அதன் முழு உரிமையும் ஒரே மனிதரின் பெயரில் எழுதப்பட்டது. ஹட்டன் தேநீர்க்கடைகளில் நான் கேட்ட பேச்சு இதுதான்: குவைத்காரர் அப்துல்லா அல்முதைரி வந்தார், அணி எழுந்தது. அந்தப் பேச்சோடுதான் எனக்கு வழக்கு.

ஒரு பிளே ஓஃப் வெற்றியில் பயிற்றுவிப்பாளருக்கு உரிய பங்கு எவ்வளவு? தோட்டத்துப் பிள்ளையாகிய எனக்கு எதையும் நிறுக்காமல் ஏற்கும் பழக்கம் இல்லை. கொழுந்து மடுவத்தில் தராசு உண்டு. சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிவு உண்டு. வெயிலிலும் மழையிலும் மலையேறிப் பறித்த பெண்ணின் கொழுந்துக்கே கழிவு போடும் நாட்டில், மேலேயிருப்பவரின் புகழுக்கு மட்டும் கழிவே கிடையாது என்றால் அது என்ன நியாயம்?

இந்த வழக்கம் நமக்குப் புதிதன்று. இலங்கையில் தேயிலையை வர்த்தகப் பயிராக்கியவர் யார் என்று கேட்டால், பள்ளிப் பிள்ளையும் ஜேம்ஸ் டெய்லர் என்று சொல்லும். 1867, லூல்கந்துர தோட்டம், 19 ஏக்கர் என்று கூடவே ஒப்பிக்கும். அந்த ஸ்கொட்லாந்துக்காரரின் உழைப்பை நான் மறுக்கவில்லை. பங்களாவின் விறாந்தையையே தொழிற்சாலையாக்கிக் கொழுந்தைக் கையால் உருட்டிப் பார்த்தவர் அவர். ஆனால் அந்த மலையில் காடு வெட்டிக் குழி தோண்டிக் கன்று நட்ட கைகளுக்குச் சொந்தக்காரர் யார்? நான் படித்த பாடப்புத்தகத்தில் அவர்களுக்குப் பெயரில்லை. ஒருவருக்கு உரியதைக் கொடுப்பது வேறு. மற்றவர்களுக்கு உரியதையும் சேர்த்து அவர் தலையிலேயே கொட்டுவது வேறு.

பயிற்றுவிப்பாளர் செய்வது என்ன? வீரர்களைத் தெரிவு செய்கிறார், நிறுத்துகிறார், ஓட வைக்கிறார், எதிரணியின் பலவீனத்தைக் காட்டிக் கொடுக்கிறார், யாரை எப்போது மாற்றுவது என்று தீர்மானிக்கிறார். இவையெல்லாம் உண்மையான வேலைகள். அல்முதைரி கெட்டிக்காரர் என்பதிலும் எனக்கு ஐயமில்லை; 2021இல் நேபாளத்தைத் தெற்காசியச் சம்பியன்ஷிப்பின் இறுதியாட்டம் வரை இட்டுச் சென்றவர் அவர். எனினும் எங்கள் பக்கத்து உவமை ஒன்று சொல்வேன். பயிற்றுவிப்பாளர் என்பவர் தொழிற்சாலையின் டீமேக்கர் போன்றவர். நல்ல கொழுந்தை ஒரே இரவில் கெடுத்துவிட அவரால் முடியும். முற்றிய இலையை நல்ல தேயிலையாக்க உலகத்தின் எந்த டீமேக்கராலும் முடியாது.

இதற்குச் சாட்சி வேண்டுவோர் கடல் கடந்து சென்னையைப் பார்க்கலாம். பிளே ஓஃப் முறையில் கிண்ணத்தைத் தீர்மானித்த இந்தியன் சூப்பர் லீக்கில், சென்னையின் எஃப்சி அணி 2015இல் சம்பியனானது. பயிற்றுவிப்பாளர், இத்தாலியின் 2006 உலகக் கிண்ண வீரர் மார்கோ மட்டராஸி. கோவாவுக்கு எதிரான இறுதியாட்டத்தின் கடைசி நிமிடங்கள் வரை சென்னை 1-2 எனப் பின்தங்கியிருந்தது. கோவாவின் கோல்காப்பாளர் பந்தைத் தம் வலைக்குள்ளேயே விட்டார், மேலதிக நேரத்தில் கொலம்பியரான மென்டோசா இன்னொன்றை அடித்தார், 3-2. மட்டராஸி மேதை என்று எழுதினார்கள். மறு வருடம் அதே மட்டராஸியின் கீழ் அதே அணி எட்டு அணிகளில் ஏழாவது இடம். மேதைமை எங்கே போயிற்று?

2018 மார்ச்சில் ஜோன் கிரகரி வந்த முறையும் அப்படியே. லீக்கில் முதலிடம் பெற்ற பெங்களூரை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என வீழ்த்திக் கிண்ணம் வென்றார். அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள்; பட்டியலில் கடைசி இடம். அதே பயிற்றுவிப்பாளர், அதே கழகம். ஒரு மனிதரின் மூளை பன்னிரண்டு மாதத்தில் அப்படித் தலைகீழாக மாறுமா? மாறியவை வேறு: வீரர்களின் உடல்நிலை, கலைந்து சேர்ந்த அணி, இவற்றோடு அதிர்ஷ்டமும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை மறைப்பது பத்திரிகை தர்மமன்று, அதையும் வைக்கிறேன். 2019 டிசம்பரில் கிரகரியின் இடத்துக்கு ஓவன் கொய்ல் வந்தார். பட்டியலின் அடியில் தத்தளித்த அதே அணியை, பெரும்பாலும் அதே வீரர்களைக் கொண்டே, 2020 மார்ச்சில் இறுதியாட்டத்துக்குக் கொண்டு போனார். பின்பு ஜாம்ஷெட்பூர் சென்று 2021-22 பருவத்தில் லீக் கேடயத்தையும் வென்றார். ஆகவே பயிற்றுவிப்பாளரால் எதுவும் இல்லை என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் கவனியுங்கள்: கொய்லின் திறமைக்கு நான் சாட்சியாகக் கொள்வது அந்த இறுதியாட்டத்தை அன்று, அதில் அவர் கொல்கத்தாவின் ஏடிகே அணியிடம் 1-3 எனத் தோற்றார். மாதக்கணக்கில் ஆடிய லீக் ஆட்டங்களையே கொள்கிறேன். நீண்ட பருவம் பயிற்றுவிப்பாளரை அளக்கும். இரண்டு ஆட்டமும் சில பெனால்டி உதைகளும் அவரை அளக்கமாட்டா. கம்போடியாவில் ஓரிரு உதைகள் கம்பத்தில் பட்டுத் திரும்பியிருந்தால், அதே தயாரிப்பு, அதே வியூகம், அதே மனிதர். ஆனால் மறுநாள் தேநீர்க்கடைகளில் அவருக்கு வசைதான் கிடைத்திருக்கும்.

அப்படியானால் அந்தப் பெரும் பங்கு யாருக்கு? முதலில், ஆடியவர்களுக்கு. அந்த அணியில் வெளிநாடுகளில் பிறந்து, அங்குள்ள கழகங்களில் சிறுவயது முதல் பயிற்சி பெற்ற இலங்கை வம்சாவளியினர் கணிசமானோர் இருந்தனர். அவர்களை அழைத்தது சரியே, அவர்கள் நம்மவர்கள். ஆனால் அந்தக் கொழுந்து வளர்ந்தது வேறு மலையில், வேறு நாட்டின் உரத்தில். அதை நம் தோட்டத்து விளைச்சலாகக் கணக்கில் எழுதக் கூடாது.

அடுத்து, பெயர் தெரியாத பாடசாலைப் பயிற்றுவிப்பாளர்களுக்கு. தோட்டத் தொழிலுக்கு வந்த ஒருவரின் பேரன் முத்தையா முரளிதரன், கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் முதலில் மிதவேகப் பந்துவீச்சாளராகத்தான் இருந்தார். சுழற்பந்துக்கு மாறச் சொன்னவர் அவருடைய பாடசாலைப் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ. அந்த ஒரு சொல்லின் விளைவு 800 டெஸ்ட் விக்கெட்டுகள். தேசிய அணிக்கு வந்து போன பயிற்றுவிப்பாளர்களின் பெயர்களை அடுக்கும் நம் இரசிகர்களில் எத்தனை பேருக்கு சுனில் பெர்னாண்டோவைத் தெரியும்?

இப்போது என் உண்மையான குற்றச்சாட்டுக்கு வருகிறேன். பயிற்றுவிப்பாளரைத் தெய்வமாக்குவது வெறும் இரசிகப் பித்து அன்று; நிர்வாகத்துக்கு அது மிக வசதியான ஏற்பாடு. 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபா இலங்கையை இடைநிறுத்தியது. தேர்தல் தகராறிலும் அரசியல் தலையீட்டிலும் ஆகஸ்ட் வரை நம் வீரர்களுக்குச் சர்வதேச ஆட்டமே இல்லை. அந்த மாதங்களை இழக்கச் செய்தவர்கள் எவரும், கம்போடியாவை வென்றபின் கேள்விக்கு முகம் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வென்றால் பயிற்றுவிப்பாளருக்கு மாலை. தோற்றால் பயிற்றுவிப்பாளருக்கு விமானச் சீட்டு. இரண்டு நாளிலும் நாற்காலிகள் பத்திரமாக இருக்கின்றன.

மலையகத்தார் இந்தக் கணக்கை நன்கு அறிவோம். விளைச்சல் கூடினால் துரையின் நிர்வாகத் திறமை. குறைந்தால் தொழிலாளியின் சோம்பல். நிர்ணயித்த கிலோ வராத நாளில் அவளுக்கு அரைப் பெயர் விழும். உரம் போட்டார்களா, செடி எத்தனை வயதானது என்று அன்று யாரும் கேட்பதில்லை. உதைபந்தாட்டத்தில் பழி மேலிருப்பவர் மீது விழுகிறது, தோட்டத்தில் கீழிருப்பவர் மீது விழுகிறது, அவ்வளவே வேறுபாடு. நிலத்துக்குப் பொறுப்பானவர் இரண்டு இடத்திலும் தப்பிவிடுகிறார்.

நிலம் என்று சொன்னது உவமைக்காக மட்டும் அன்று. மலைநாட்டில் சமதரை அருமை. கிடைத்த சமதரையில் தொழிற்சாலையும் லயமும் கோயிலும் போக, பிள்ளைகளுக்கு எஞ்சுவது பெரட்டுக்களம்தான். அங்கே அடித்த பந்து கீழ்மலைக்கு உருண்டால், எடுத்து வரும்போது ஆட்டம் முடிந்திருக்கும். ஹட்டனில் டன்பார் மைதானமும் நோர்வூட்டில் தொண்டமான் பெயர் தாங்கிய மைதானமும் உண்டு என்பீர்கள். உண்டு. நோர்வூட் மைதானத்தை உலகம் அறிந்தது 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் அங்கு வந்து உரையாற்றியபோதுதான், ஆட்டத்தால் அன்று. பொகவந்தலாவைச் சிறுவனுக்கு அங்கு வரப் பஸ் கட்டணம் வேண்டும், காலணி வேண்டும், விசில் ஊத ஒரு மாஸ்டர் வேண்டும்.

ஆகவே என் கோரிக்கை மிகச் சிறியது. அல்முதைரிக்கு உரிய பங்கைக் குறைக்காமல் கொடுங்கள். தயாரிப்புக்கும் தெரிவுக்கும் நன்றி சொல்லுங்கள். ஆனால் அடுத்த பயிற்றுவிப்பாளர் கட்டுநாயக்காவில் வந்திறங்கும் நாளில், அவரிடம் வியூகத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பு, அருகே மாலையோடு நிற்கும் சம்மேளனத்தாரிடம் என் சக பத்திரிகையாளர்கள் ஒரு கேள்வி கேட்கட்டும்: நுவரெலியா மாவட்டத்தின் எத்தனை தோட்டப் பாடசாலைகளுக்குச் சென்ற வருடம் ஒரு பந்தும் ஒரு பயிற்றுவிப்பாளரும் அனுப்பினீர்கள்? பதில் கிடைக்கும்வரை அவர்களின் வெற்றி விழாப் படங்களை முதற்பக்கத்தில் போடாதிருப்போம்.