ஐந்து வண்டிகளுக்கு மேல் வேண்டாம்

கென்யாவின் மசாய் மாரா புல்வெளியில் சிவிங்கிப்புலி ஒன்று கறையான் புற்றின் மேல் ஏறி நின்று இரை தேடுகிறது. அது கண்ணில் பட்டதும் சுற்றுலா வண்டி ஓட்டுநர் ஒருவர் வயர்லெஸ்ஸில் தகவல் சொல்கிறார். சற்று நேரத்தில் கூரை திறந்த வண்டிகள் நாலா பக்கமும் வந்து புற்றை வளைத்துக்கொள்கின்றன. அது குறிவைத்திருந்த மான்கள் கலைந்து போகின்றன. குட்டிகளுக்கு அன்று இரை இல்லை.

மாரா காப்பகத்தில் இதற்கு விதி இல்லாமல் இல்லை. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. பிறர் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் நகர்ந்துவிட வேண்டும். 25 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. ஆனால் ஃபெம்கே ப்ரூக்ஹைஸ் என்ற ஆய்வாளர், இரண்டு மணி நேரத்துக்குள் ஒரே சிவிங்கிப்புலியைப் பார்க்க 64 வண்டிகள் வந்ததைப் பதிவு செய்திருக்கிறார்.

2018இல் வெளியான அவரது ஆய்வு, 2013 முதல் 2017 வரை தாய்ச் சிவிங்கிப்புலிகளைப் பின்தொடர்ந்தது. வண்டிகள் குறைவாக வரும் பகுதிகளில் ஒரு ஈற்றுக்குச் சராசரியாக 2.3 குட்டிகள் தாயைப் பிரிந்து தனித்து வாழும் பருவத்தை எட்டின. வண்டிகள் மொய்க்கும் பகுதியில் அந்த எண்ணிக்கை 0.2. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வண்டி மோதிக் குட்டிகள் செத்தன என்று அவர் சொல்லவில்லை. வேட்டை தவறுவது, பிடித்த இரையை விட்டு ஓடுவது போன்ற இடையூறுகள் சேர்ந்தே குட்டிகளைப் பலிகொள்கின்றன என்று கருதுகிறார்.

சிங்கமும் கழுதைப்புலியும் அதிகம் இரவில் நடமாடுகின்றன. அவற்றிடம் இரையைப் பறிகொடுக்காமல் இருக்கத்தான் சிவிங்கிப்புலி பெரும்பாலும் பகலில் வேட்டையாடுகிறது. பயணிகள் புல்வெளிக்கு வருவதும் அதே பகலில்தான்.

பழியை ஓட்டுநர்கள் மேல் போட்டுவிட்டுத் தப்பிக்க முடியாது. அவர்களின் வருமானத்தில் டிப்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. எத்தனை விலங்கை எவ்வளவு நெருக்கத்தில் காட்டினார்கள் என்பதைப் பொறுத்தே அது கிடைக்கிறது. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஆகிய ஐந்தையும் 'பிக் ஃபைவ்' என்ற பட்டியலாகக் கையில் வைத்துக்கொண்டு பயணிகள் வருகிறார்கள். நடந்துபோய்ச் சுடுவதற்கு மிக ஆபத்தானவை என்று வேட்டைக்காரர்கள் வகுத்த பட்டியல் அது. கென்யா 1977லேயே வேட்டையைத் தடை செய்துவிட்டது. துப்பாக்கி போய் கேமரா வந்தது. விரட்டிப் பிடிக்கும் வேகம் மட்டும் போகவில்லை.

ஜூலை முதல் அக்டோபர் வரை வில்டபீஸ்ட் மந்தைகள் மாரா ஆற்றைக் கடக்கும் பருவம் இன்னும் மோசம். கரையில் நின்று மணிக்கணக்கில் தயங்கும் மந்தை ஒருவழியாக இறங்கும்போது, ஏற வேண்டிய எதிர்க்கரையை வண்டி வரிசை அடைத்துக்கொண்டால் அது எங்கே போகும்? திரும்ப ஓடும், அல்லது செங்குத்தான இடத்தில் ஏற முயன்று சறுக்கி ஆற்றிலேயே மாட்டிக்கொள்ளும்.

பயணிகளே வர வேண்டாம் என்பது தீர்வல்ல. 1977 முதல் 2016 வரையிலான காலத்தில் கென்யாவின் மேய்ச்சல் நிலங்களில் காட்டுவிலங்குகள் சராசரியாக 68 விழுக்காடு குறைந்துவிட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். மிச்சம் இருப்பவற்றுக்கு இடம் கிடைப்பதே பயணிகள் தரும் பணத்தால்தான். மாராவை ஒட்டிய நபோய்ஷோவில் 500க்கும் மேற்பட்ட மசாய் நில உரிமையாளர்கள் 2010இல் ஒன்றுசேர்ந்து, சுமார் 50,000 ஏக்கரை வனவிலங்குகளுக்காகக் குத்தகைக்கு விட்டார்கள். அங்கே கூடாரங்களுக்கு உச்சவரம்பு உண்டு, ஒரு விலங்கருகே நிற்கும் வண்டிகளுக்கும் உண்டு. மாடுகளும் முறைவைத்து மேய்கின்றன. 2020இல் பயணிகள் வரத்து நின்றபோது மாராவைச் சுற்றிய இத்தகைய நிலங்களுக்குக் குத்தகைப் பணம் கொடுப்பதே சிக்கலானது. வாடகை நின்றால் நிலக்காரர் வேலி போடுவார், உழுவார். அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இப்படிப்பட்ட இடங்களில் தங்க அதிகம் செலவாகும் என்பது நியாயமான ஆட்சேபம். வசதி படைத்தவர் மட்டும் விலங்கைப் பார்க்கட்டும் என்று இத்தலையங்கம் சொல்லவில்லை. ஐந்து வண்டி விதியை நடைமுறைப்படுத்த ஆடம்பர விடுதி தேவையில்லை. ஆற்றங்கரையிலும் சிவிங்கிப்புலிகள் திரியும் இடங்களிலும் அதிகாரம் உள்ள காவலர்கள் நின்றால் போதும். அதற்குப் பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2024 முதல், ஜூலை - டிசம்பர் மாதங்களில் வெளிநாட்டுப் பயணி ஒருவரின் நுழைவுக் கட்டணம் நாளொன்றுக்கு 200 டாலர். காப்பகத்தை நிர்வகிக்கும் நரோக் கவுண்டி அரசு அதில் ஒரு பங்கைக் காவலர்களுக்கும் ரோந்து வண்டிகளுக்கும் ஒதுக்க வேண்டும். விதி மீறும் வண்டியை அன்றே வெளியேற்ற வேண்டும். மறுபடி மீறினால் அந்த நிறுவனத்தின் உரிமத்தில் கைவைக்க வேண்டும்.

பயணிகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஆறாவது வண்டியாகப் போய் நிற்க நேர்ந்தால், "வேண்டாம், வேறு பக்கம் போகலாம்" என்று ஓட்டுநரிடம் அவர்களே சொல்ல வேண்டும். அன்று சிவிங்கிப்புலியைக் காட்டாமல் போனதற்காக அவருக்கு டிப்ஸைக் குறைக்கக் கூடாது.