பழ வாசனை ரப்பர் வேண்டாமே!

போன மார்கழியில் நடந்தது இது. ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் இளைய மகளுக்கு நாலு நாளாக மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. அதுவும் ஒரு பக்கம் மட்டும். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, துளசியும் கற்பூரவல்லியும் இடித்துச் சாறு கொடுத்தேன். நிற்கவில்லை. ஐந்தாம் நாள் என் மாமியார்தான், "என்னம்மா இது, புள்ள கிட்ட வந்தாலே நாத்தமடிக்குதே" என்றார். பதறிப்போய் பெரம்பலூருக்கு பஸ் ஏறினோம்.

டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார். ஒரு சின்னக் கருவியை உள்ளே விட்டு எடுத்து என் கையில் வைத்தார். உளுந்து அளவில் சிவப்பாக ஒரு ரப்பர் துண்டு! முதல் வாரம் நானே வாங்கிக் கொடுத்த ஸ்ட்ராபெர்ரி ரப்பரின் நுனி அது. "வாசமா இருந்துச்சும்மா. பிச்சு மோந்து பாத்தேன், உள்ள போயிருச்சு. நீ அடிப்பேன்னு சொல்லல" என்றாள் மகள். அந்தக் கடைசி வார்த்தை என்னை ஊசி மாதிரி குத்தியது.

டாக்டர் சொன்னதை எல்லாத் தாய்மாரும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். சின்னக் குழந்தைக்கு ஒரே பக்க மூக்கில் மட்டும் சளி, அதிலும் கெட்ட வாடை என்றால், கை வைத்தியம் பார்த்து நாளைக் கடத்தக் கூடாது. உள்ளே ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று டாக்டரிடம் காட்ட வேண்டும். ஹேர்பின், தீக்குச்சி விட்டு நாமே நோண்டவே கூடாது. பொருள் இன்னும் உள்ளே போய், பின்பக்கமாக மூச்சுக்குழாயில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

ஊருக்குத் திரும்பியதும், வாங்கிய கடைக்கே போய்க் கேட்டேன். "நான் என்ன தங்கச்சி பண்றது? புள்ளைங்க இதத்தான் கேக்குதுங்க, நீங்களும் வாங்கித் தர்றீங்க" என்றார் கடைக்காரர். பதில் பேச முடியவில்லை. பாட்டில் நிறைய திராட்சை, ஐஸ்கிரீம், பிஸ்கட், சாக்லேட் மாதிரியே ரப்பர்கள். பெரியவளான எனக்கே எச்சில் ஊறுகிறது. ஆறு வயதுப் பிள்ளை வாயில் வைக்காமல் என்ன செய்யும்?

தின்பண்டம் போலத் தோற்றமும் வாசனையும் காட்டிக் குழந்தையை ஏமாற்றி, ஆபத்து உண்டாக்கும் பொருளை விற்கக் கூடாது என்று ஐரோப்பிய நாடுகள் 1987-லேயே விதி செய்தன. நம் நாட்டிலும் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் நான் பார்த்த பழ ரப்பர்களில் முத்திரையும் இல்லை. செய்தவர் பெயரும் இல்லை.

இன்னொரு விஷயம். ரப்பர் என்று பெயர் இருந்தாலும், கடையில் கிடைப்பவற்றில் பல மரத்துப் பாலில் செய்தவை அல்ல. பி.வி.சி. என்கிற பிளாஸ்டிக். அது மெத்தென்று இருக்க எண்ணெய் மாதிரி ஒரு பொருளைக் கலக்கிறார்கள். வெயில் காலத்தில் ரப்பர் பிளாஸ்டிக் ஸ்கேலோடு ஒட்டிக்கொண்டு தழும்பு போடுகிறதே, அது இந்தப் பொருள் கசிவதால்தான். இப்படிக் கலக்கும் தாலேட் வகைகளில் சிலவற்றைக் குழந்தைகளின் பொம்மைகளில் சேர்க்கக் கூடாது என்று 2005-ல் ஐரோப்பாவில் சட்டமே போட்டார்கள். அதைத்தான் நம் பிள்ளைகள் கடித்துத் துப்புகின்றன!

அதனால் நான் இப்போது ரப்பர் வாங்கும் முறையே வேறு. வாசனை இல்லாத, சாதாரண வெள்ளை ரப்பர், கம்பெனி பெயர் போட்டு காகித உறையோடு இருப்பதுதான் வாங்குகிறேன். அந்த உறையைக் கிழிக்க விடுவதில்லை. டப்பாவில் ஒட்டாமல் காப்பதே அதுதான். நகத்தால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் தாள் கிழியும். சிவப்பும் நீலமும் சேர்ந்த ரப்பர் சின்ன வகுப்புக்கு வேண்டாம். நீலப் பக்கத்தில் உள்ள நறநறப்புத் தூள் மையோடு தாளையும் சேர்த்துச் சுரண்டிவிடும்.

இரண்டு பிள்ளைக்கும் ஆகட்டும் என்று பிளேடால் பாதியாக வெட்டிக் கொடுப்பது நம் வழக்கம். ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு அப்படிச் செய்யாதீர்கள். உள்ளங்கையில் அடங்கும் முழு ரப்பரே நல்லது. தேய்ந்து சிறுத்ததும் எறிந்துவிடலாம். தொலைக்கக் கூடாது என்று நூல் கோத்துக் கழுத்தில் மாட்டுவதும் வேண்டாம். விளையாட்டில் எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும்.

நாங்கள் படித்த காலத்தில் சிலேட்டும் குச்சியும்தான். கோவை இலையைக் கசக்கித் துடைத்தால் பளிச்சென்று ஆகும். எத்தனை தப்பு எழுதினாலும் தடம் தெரியாது. யாரும் திட்டவும் இல்லை. இன்று நோட்டில் ஒரு எழுத்து கோணினால் "அழி, அழி" என்று நாமே விரட்டுகிறோம். அப்புறம் பிள்ளைக்கு எழுதுவதைவிட அழிப்பதுதான் பெரிய வேலையாகிறது. நல்ல ரப்பர் என்று கேட்டு நச்சரிப்பதும் அதனால்தான்.

சகோதரிகளே, இன்று சாயங்காலம் பிள்ளையின் பென்சில் டப்பாவைத் திறந்து பாருங்கள். பழ ரப்பர் இருந்தால் எடுத்துவிட்டு, அதற்குப் பதில் ஒரு வெள்ளை ரப்பர் வையுங்கள். பிடுங்கிக்கொண்டு அடிக்காதீர்கள். அடிக்குப் பயந்து என் மகள் நாலு நாள் வாய் திறக்கவில்லை. எது நடந்தாலும் அம்மாவிடம் சொல்லலாம் என்கிற தைரியத்தை முதலில் பிள்ளைக்குக் கொடுப்போம்.

- ஒரு வாசகி, வாலிகண்டபுரம்.