ஒட்டுப் போட்ட தோள்பை



ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகள் 'பங்க்' பை ஒன்று வேண்டுமெனப் பிடிவாதம் பிடிக்கிறாளாம். கிழிசலும் ஊக்கும் ஒட்டுத்துணியுமாக இருக்கும் அந்தத் தோள்பைக்குக் கடையில் சொன்ன விலை, வீட்டின் ஒரு வார மளிகைச் செலவாம். "ஒட்டுப் போட்ட பையோடு போனால், பெற்றவர்களுக்கு வக்கில்லை என்றுதானே ஊர் சொல்லும்?" என்று தாய் கேட்டுவிட, பத்து நாட்களாக இருவரும் முகங்கொடுத்துப் பேசவில்லையாம்.

அந்தத் தாயின் கூச்சம் எனக்குப் புதிதன்று. நான் பள்ளிக்குச் சென்ற நாட்களில், அத்தாவின் பழைய கைலியில் அம்மா தைத்துத் தந்த பையில் இரண்டு ஒட்டுகள் இருந்தன. அவை பிறர் கண்ணில் படாதவாறு பையை மார்போடு திருப்பி அணைத்தபடியே நடப்பேன். மஞ்சள் பையோடு வந்தவரைப் பட்டிக்காடென்று நகைத்தவர்கள்தானே நாம்! 2019 ஜனவரி முதல் நாள் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழகத்தில் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே அழைக்க வேண்டியதாயிற்று.

மகள் கேட்கும் பொருளின் கதையையும் அறிந்துகொள்வது நன்று. 1976, 77ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தில் வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்திருந்தது. 'பங்க்' இசையில் மனம் பறிகொடுத்த லண்டன் இளைஞர்கள் பழைய சட்டையைக் கிழித்து, ஊக்கால் கோத்து, தம் கையாலேயே எழுத்துகளைத் தீட்டி அணிந்தார்கள். கடையில் விற்பது எமக்கு வேண்டாம், வேண்டியதை யாமே செய்துகொள்வோம் என்பது அவர்களுள் பலருடைய வீம்பு. ஆனால் 1977லேயே ஜான்ட்ரா ரோட்ஸ் என்னும் ஆடை வடிவமைப்பாளர், அதே கிழிசலையும் ஊக்கையும் மணிக்கற்கள் பதித்து உயர்விலை ஆடைகளாக்கிவிட்டார். ஏழையின் ஊக்கு ஓராண்டுக்குள் நகையாகிவிட்டது! ஆகவே, விலை கொடுத்து வாங்கும் 'பங்க்' பை உண்மையில் 'பங்க்' பையே அன்று. இதை மகளிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை அவள் கையில் கொடுங்கள்.

துணிக்கு எங்கும் அலைய வேண்டாம். 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தாலும் தறிச் சத்தம் இரு பக்கமும் ஒன்றுதான். இளம்பிள்ளைச் சேலை, குமாரபாளையத்துக் கைலி, ஆற்றுக்கு அக்கரையிலுள்ள பவானியின் ஜமுக்காளம் என்று நம் பெட்டிகளில் இல்லாத துணி உண்டா? பைக்குச் சிறந்தது பழைய ஜமுக்காளமே. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நூல் தேய்ந்த இடங்களை விட்டுவிடுங்கள். வெட்டினால் ஓரம் பிரியும். எனவே வெட்டப்போகும் கோட்டின் இருபுறமும் முதலில் ஒரு தையல் ஓட்டிவிட்டுப் பிறகு வெட்ட வேண்டும்.

14 அங்குல அகலம், 16 அங்குல உயரத்தில் இரண்டு துண்டுகள். 4 அங்குல அகலம், 84 அங்குல நீளத்தில் ஒரு பட்டை. இந்த ஒரே பட்டைதான் பையின் இரு பக்கமும் அடியுமாகி, மேலே சென்று தோள்பட்டையும் ஆகிறது. அத்தனை நீளம் கிடைக்காவிட்டால் இரண்டாக இணைக்கலாம். அந்த இணைப்பு அடிப்பாகத்தின் நடுவில் அமையட்டும். தோளில் வந்தால் புத்தகச் சுமை முழுவதும் அந்த ஒரு தையலில் தொங்கும். மற்ற முனைகள் இரண்டும் இணையும் இடத்தில், ஓர் அங்குலத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றை வைத்து நான்கு வரிசை தையுங்கள். துண்டுகளின் மேல் விளிம்பை ஒன்றரை அங்குலம் மடித்துத் தைத்துவிட்டு, மற்ற விளிம்புகளில் அரை அங்குலம் விட்டு, பட்டையோடு சேர்க்க வேண்டும். 18ஆம் எண் ஊசியும் சற்றே நீண்ட தையலும் தேவை. மடிப்புகள் கூடுமிடத்தில் மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் உருட்டுங்கள். இல்லையேல் ஊசி முறியும். பட்டை வாயை விட்டு மேலேறும் இரு இடங்களிலும் சதுரமாகத் தைத்து, நடுவே பெருக்கல் குறி போட்டுவிடுங்கள். பை முதலில் பிய்வது அங்கேதான்.

அலங்காரத்தையோ பையை மூட்டுவதற்கு முன்னரே முடித்துவிட வேண்டும். மூட்டிய பைக்குள் கையை நுழைத்து ஒட்டுத் தைப்பது பெரும்பாடு. சேலைக் கரை, ஜீன்ஸ் பாக்கெட், கைலிச் சதுரம் எதுவாயினும், எதிர்நிறத் தடித்த நூலால் தையல் வெளியே தெரியும்படியே தைக்கலாம். லாரித் தார்ப்பாய் தைப்போரிடம் பித்தளை வளையங்கள் அடித்து வாங்கலாம். இரும்புச் சங்கிலிக்குப் பதிலாக, சேலத்துக்காரர்களுக்குக் கொலுசு இருக்கிறதே! அறுந்த கவரிங் கொலுசின் மணிகளை நீக்கிவிட்டுத் தொங்கவிடலாம். வெள்ளி வேண்டாம்; பேருந்து நெரிசலில் வம்பு. எழுத விரும்பினால் துணிச்சாயத்தால் எழுதி, ஒரு நாள் காயவைத்து, மறுபுறமாக இஸ்திரி போட வேண்டும். புரியாத ஆங்கில வாசகத்தைவிட, பாட்டியின் பெயரோ ஊர்ப் பெயரோ இருந்தால் என்னவாம்?

ராசிபுரத்துச் சகோதரிக்கு இன்னொன்று. மகளின் தையல் கோணினால் பிரித்துத் திருத்தாதீர்கள். அவள் இடம் கொடுத்தால் ஓர் ஒட்டு மட்டும் நீங்கள் தையுங்கள். உங்கள் பழைய சேலையிலிருந்தே இருக்கட்டும். ஊக்குகளின் முனை உட்புறம் குத்தாமலிருக்கக் கைலித் துணியில் உள்பை வைத்துவிடுங்கள். துவைக்கும் முன் ஊக்குகளைக் கழற்ற மறக்க வேண்டாம். துருக்கறை ஏறினால் எளிதில் போகாது.