கோட்டோகோவுக்கு மானம் இல்லையா?

'இட்டாசுரா நா கிஸ்' பார்த்துவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். க்ரிஞ்ச். கொஞ்சம் பொறுமையானவர்கள் இரண்டு வார்த்தையாக, செல்ஃப் ரெஸ்பெக்ட் இல்லாதவள் என்கிறார்கள். கோட்டோகோ அய்ஹாரா என்கிற அந்தப் பெண்ணைப் பற்றி 25 எபிசோடும் பார்த்த பிறகு சொல்லக் கிடைத்தது இவ்வளவுதானா என்று எனக்குக் கோபம் வருகிறது. இன்னொரு பக்கம், "ஐயோ, எவ்வளவு ஸ்வீட்" என்று உருகுகிற கூட்டம். அவர்கள் மேல் கோபம் இன்னும் கொஞ்சம் அதிகம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதை. அந்தப் பள்ளியில் மதிப்பெண்ணை வைத்துத்தான் வகுப்பு பிரிக்கிறார்கள். ஏ வகுப்பில் முதல் மாணவன் நவோக்கி இரியே, ஐக்யூ 200. கடைசியான எஃப் வகுப்பில் கோட்டோகோ. பள்ளிக்கூடம் முழுக்கப் பார்க்கும்படி அவனிடம் காதல் கடிதத்தை நீட்டுகிறாள். வேண்டாம் என்று ஒரே சொல்லில் நகர்ந்துவிடுகிறான். பிறகு இவள் வீடு இடிந்துபோகிறது, அப்பாவின் பால்ய நண்பர் வீட்டில் தங்கப் போகிறார்கள். அந்த நண்பரின் மகன் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

கவோரு ததா இந்த மங்காவை 1990இல் 'பெசாட்சு மார்கரெட்' இதழில் தொடங்கினார். 2008இல் அனிமே வந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஜப்பானிலும் தைவானிலும் கொரியாவிலும் நாடகத் தொடர்களாக எடுத்துத் தீர்த்துவிட்டார்கள். முப்பது வருடத்துக்கும் மேலாக ஒரு மக்குப் பெண்ணின் பிடிவாதத்தை ஊர் ஊராகத் திரும்ப எடுக்கிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது இல்லையா?

இருப்பது அந்த ஏ, எஃப்தான் என்பது என் கட்சி. நான் படித்த பள்ளியிலும் பதினொன்றாம் வகுப்பில் மதிப்பெண் வரிசைப்படி செக்ஷன் பிரித்தார்கள். நான் ஏ. பத்தாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன் டி. ஒரே மாதத்தில் நாங்கள் பேசுவது நின்றுபோனது. யாரும் பேசாதே என்று சொல்லவில்லை. எனக்கே தோன்றிவிட்டது, அதுதான் கேவலம். அந்த வயதில் வரிசை எண் தோலுக்குள் போய்விடும். அது தோலுக்குள் போகாத ஒருத்தி கோட்டோகோ. அவளுக்குத் தன் இடம் தெரியாமல் இல்லை. நூறு பேர் பட்டியலில் வருகிறேன் பார் என்று அவனிடமே சவால் விட்டு, அவனையே மிரட்டிப் பாடம் சொல்லவைத்து (மிரட்டலுக்கு ஆயுதம், சின்ன வயதில் அவனுக்குப் பெண் உடை போட்டு எடுத்த போட்டோ), கடைசியில் சரியாக நூறாவது இடத்தில் வந்து நிற்கிறாள். இரண்டாவதோ பத்தாவதோ இல்லை, நூறு! மேதையின் நிழலில் மேதை ஆகிவிடுகிற கதை இல்லை இது. ததா அந்த எண்ணை எழுதிய இடத்தில் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது.

இவளைப் பார்த்துத்தான் "உன் லெவலுக்கு ஒருத்தனைப் பார்க்க வேண்டியதுதானே" என்கிறோம். லெவல் என்று சொன்ன உடனே நாம் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் ஆகிவிடுகிறோம் என்பது உறைப்பதே இல்லை. இதே கதையில் கின்னோசுகே என்று ஒரு எஃப் வகுப்புப் பையன். கோட்டோகோ இரியேயைத் துரத்துவது போலவே அவன் கோட்டோகோவைத் துரத்துகிறான், அவள் அப்பாவின் சாப்பாட்டுக் கடையில் வேலைக்கே சேர்ந்துவிடுகிறான். அவனை யாரும் மானம் கெட்டவன் என்பதில்லை. பாவம், நல்ல பையன், இவள் அவனைக் கட்டியிருக்கலாம். பையன் விடாமல் நின்றால் விசுவாசம், பெண் நின்றால் மானக்கேடு. என்ன கணக்குப்பா இது?

விட்டுவிட்டாள் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி முடிகிற நாளில் அவள் உண்மையிலேயே சலித்துப்போய், உன்னை மறந்துவிடுகிறேன் என்கிறாள். அப்போது அவன் என்ன செய்கிறான்? மறந்து பாரேன் என்று முத்தம் கொடுத்துவிட்டு, நாக்கைத் துருத்தி, நல்லா வேணும் உனக்கு என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போகிறான். வருடங்கள் கழித்து, இன்னொரு பெண்ணோடு கல்யாணம் பேசி முடிக்கிற கட்டத்தில் இருப்பவன், கின்னோசுகே இவளைக் கேட்டுவிட்டான் என்று தெரிந்ததும்தான் மழையில் ஓடிவருகிறான். அவள் கையை விடப்போகிற ஒவ்வொரு தடவையும் கயிற்றின் மறுமுனையை இழுத்தது அவன். முதலில் வேண்டாம் என்ற அந்தக் கடிதத்தையே பின்னால் ஒருநாள் வரி பிசகாமல் ஒப்பிக்கிறவன் அவன். பிடிவாதக்காரி ஒருத்தி மட்டும் என்று யார் சொன்னது? அவளுடையது வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

இனி "ஸ்வீட்" கூட்டம். மேலே சொன்ன முத்தக் காட்சியில் உருகுகிறீர்களே, அதில் இருப்பது பழிவாங்கல். கல்யாணம் ஆன பிறகு, நர்சிங் வகுப்பில் கேய்த்தா என்றொருவன் கோட்டோகோவிடம் நெருங்குகிறான் என்றதும் இரியே அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்துகிறான். காரணம் தெரியாமல் அவள் தவிக்கிறாள், தன்மேல்தான் ஏதோ தப்பு என்று தேடுகிறாள். பிறகு நமக்குச் சொல்லப்படும் விளக்கம்: அவனுக்குப் பொறாமை என்ற உணர்ச்சியே அதுவரை தெரியாதாம், பாவம். ஐக்யூ 200 உள்ளவனுக்கு மனைவியிடம் ஒரு வாக்கியம் பேச வராது, அதை அவள்தான் புரிந்துகொள்ள வேண்டும். இந்த இடத்தில் கதை சறுக்குகிறது, நான் மறைக்க மாட்டேன். அவள் எவ்வளவு கொடுத்தாள் என்பதை எண்ணி எண்ணிச் சிரிக்கிற கதை, அவன் எவ்வளவு பிடித்துவைத்தான் என்பதைக் குணவிசேஷம் என்று விட்டுவிடுகிறது. இவளைத் திட்டுகிற கூட்டமும் அதையேதான் செய்கிறது. கேள்வி அவளிடம் மட்டும் போகிறது.

இத்தனைக்கும் அவள் இல்லாவிட்டால் இரியேயிடம் ஒன்றுமே இல்லை. எல்லாப் பாடமும் வரும், எதுவும் வேண்டும் என்று தோன்றாது. அப்பாவின் பொம்மைக் கம்பெனியில் உட்காரப் போகிறவன். டாக்டர் ஆகலாமே என்கிற எண்ணம் கோட்டோகோ போகிற போக்கில் சொன்னதிலிருந்து முளைத்தது. ஒன்றை விரும்புவது எப்படி என்று ஏ வகுப்புக்காரனுக்கு எஃப் வகுப்பிலிருந்து ஒருத்தி வந்து டியூஷன் எடுத்திருக்கிறாள், அதுவும் ஃபீஸ் வாங்காமல்.

ததா இதை முடிக்கவில்லை. 1999இல், வீடு மாறும்போது தலையில் அடிபட்டு, 38 வயதில் இறந்துபோனார். மங்கா அப்படியே நிற்கிறது. அனிமேக்காரர்கள் ஒரு முடிவு வைத்தார்கள், குழந்தை, குடும்பம் என்று. மோசமில்லை. ஆனால் எனக்கு அந்தப் பட்டியல்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. சுவரில் ஒட்டியிருக்கிறது, மேலே முதல் பெயர் அவன், அடியில் கடைசிப் பெயர் இவள், நடுவில் 98 பேர்.