பைலட் ஆக மொதல்ல கோச்சிங் சென்டருக்கு மொய் வைக்கணுமா?

எல்.கே.ஜி. அட்மிஷனுக்கே கோச்சிங் வந்த நாட்டுல பைலட்டுக்கு வராதா என்ன? வந்தாச்சு மக்களே. விமானம் ஓட்டக் கத்துக்கறதுக்கு இல்லை. 'இவன் விமானம் ஓட்டக் கத்துக்க லாயக்கா'ன்னு சோதிக்கிற ஆப்டிட்யூட் டெஸ்ட்டுக்கு! எங்க சித்தி பையனுக்கு ஒரு சென்டர்ல (பேர் வேணாம், ஓசி விளம்பரம் எதுக்கு?) 10 நாள் கிளாஸுக்கு 60,000 ரூபாய் கேட்டிருக்காங்க. சித்தி வளையலை அடகு வைக்கத் தயார். அதனாலதான் இந்தப் பதிவு.

என் கட்சி இதுதான்: கட்டாதீங்க.

அந்த டெஸ்ட்ல அப்படி என்னதான் இருக்கு? பல நாடுகள்ல வைக்கிற 'காம்பஸ்' டெஸ்ட்டையே எடுத்துக்குங்க. மொத்தம் ஆறு பகுதி. ஜாய்ஸ்டிக், கால் பெடல் வச்சு கட்டுப்பாடு பாக்கறது ரெண்டு. மனக்கணக்கு, ஞாபகசக்தி, திசையறிவு, ஒரே நேரத்துல பல வேலை பாக்கறதுன்னு மீதி நாலு. பாடம் நடத்த இதுல என்ன இருக்கு?

இது எங்கிருந்து வந்துச்சுன்னு பாத்தா விஷயம் இன்னும் தெளிவாகும். இரண்டாம் உலகப் போர்ல, பயிற்சியில பாதியிலேயே கழிஞ்சு போறவங்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க, அமெரிக்க ராணுவ விமானப் படைக்காக ஜான் ஃப்ளனகன்கிற உளவியலாளர் தலைமையில ஒரு குழு சோதனைகளை உருவாக்குச்சு. 1-லிருந்து 9 வரை மதிப்பெண், அதுக்கு 'ஸ்டனைன்'னு பேர். 1943-ல ஆயிரம் பேருக்கு மேல, மார்க்கைக் கண்டுக்காம அப்படியே பயிற்சிக்கு அனுப்பிப் பாத்தாங்க. குறைஞ்ச மார்க் வாங்கினவங்கள்ல பெரும்பாலானவங்க பாதியில வெளியேறினாங்க. மேல் மார்க்காரங்க அவங்களைவிட அதிகமா தேறினாங்க.

அதாவது, இந்த டெஸ்ட் பரீட்சை மாதிரி இல்லை, தெர்மாமீட்டர் மாதிரி. நம்ம தொழில் பாஷையில சொல்றேன்: டெஸ்ட் கேஸ் பாஸ் ஆகணும்னு விடையை ஹார்ட்கோட் பண்ற ஆளைப் பாத்திருக்கீங்கல்ல? ரிப்போர்ட்ல எல்லாம் பச்சையா இருக்கும். ப்ரொடக்‌ஷன்ல போய் வெடிக்கும். இங்கே ப்ரொடக்‌ஷன்னா அரைக் கோடிக்கும் மேல கடன் வாங்கிச் சேர்ற பயிற்சி. அங்கே பாதியில நின்னா, சென்டர்காரன் வந்து வட்டி கட்டுவானா?

"அப்போ பயிற்சியே வேணாமா?"ன்னு சண்டைக்கு வராதீங்க. பழக்கத்தால மார்க் ஏறும், அது உண்மைதான். ஜாய்ஸ்டிக்கையே தொடாதவன் முதல் தடவை தடுமாறுவான். ஆனா அந்தப் புதுசுங்கிற பயம் போக சில மணி நேரம் போதும். ஒரு சாதா ஜாய்ஸ்டிக், பழைய ஃப்ளைட் சிமுலேட்டர் கேம், தினமும் அரை மணி மனக்கணக்கு, நல்ல தூக்கம். ஜெர்மனியில விமானிகளைத் தேர்வு செய்ற ஹாம்பர்க் டி.எல்.ஆர். மையம், விண்ணப்பதாரர்களுக்குப் பயிற்சி மென்பொருளை இலவசமாவே குடுத்திருக்கு. டெஸ்ட் வைக்கிறவனே சும்மா குடுக்கறதை, நடுவுல நிக்கிறவன் ஏன் 60,000-க்கு விக்கணும்?

"ஒரு கோடி செலவு பண்றவன் 60,000-க்குப் பாக்கணுமா?" இதுதான் அவங்க பிரம்மாஸ்திரம். கல்யாணச் செலவுல வாழைமரத்துக்குக் கணக்கு பாக்காதேன்னு சொல்ற அதே லாஜிக். கோடி இன்னும் கையில வரலை சாமி, வளையல்தான் இருக்கு!

இன்னொரு கூத்து, விமானப்படைத் தேர்வை இதோட குழப்பி பயமுறுத்தறது. அங்கே பைலட் ஆப்டிட்யூட் டெஸ்ட் ரொம்ப காலம் ஆயுசுக்கு ஒரே தடவைதான்னு இருந்துச்சு, அது நிஜம். ஆனா அது அங்கே. ஏர்லைன் கேடட் தேர்வுக்கு அந்தந்த கம்பெனி விதிதான். அறிவிப்பை ஒரு தடவை முழுசா படிங்க, போதும்.

நியாயமா ஒண்ணு சொல்லணும். ஃபுர்சத்கஞ்ச்ல இருக்கற இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி மாதிரி இடங்கள்ல எழுத்துத் தேர்வு இருக்கு. ப்ளஸ் டூ கணக்கு, இயற்பியல் வீக்கா இருந்தா அதுக்கு ட்யூஷன் போங்க, தப்பே இல்லை. அது கத்துக்கற பாடம், பின்னாடி பயிற்சியிலும் உதவும்.

காசு செலவழிச்சே தீருவேன்னா மொதல்ல டிஜிசிஏ மெடிக்கலுக்குப் போங்க. பறக்கத் தொடங்க க்ளாஸ் 2, கமர்ஷியல் லைசென்ஸுக்கு க்ளாஸ் 1. நிறப்பார்வை சரியில்லன்னா எந்த ஆப்டிட்யூட் மார்க்கும் காப்பாத்தாது. அதைத் தெரிஞ்சுக்க வளையல் எல்லாம் அடகு போகாது.

சித்திகிட்ட இதைத்தான் சொல்லியிருக்கேன். பையன் என்மேல கடுப்புல இருக்கான். பரவாயில்லை.

டிஸ்கி: கோச்சிங் போய் ஜெயிச்சவங்க பின்னூட்டத்துல திட்டலாம். ஆனா கோச்சிங் இல்லாம போயிருந்தா தோத்திருப்பேன்னு எப்படித் தெரியும்னும் சேத்து எழுதுங்க :-)