பனியை உடைத்த கப்பலுக்கும் ஒரு சுவர் வேண்டும்

எங்கள் பொங்கோல் வீவக வீட்டின் வரவேற்பறையில் ‘எண்டியூரன்ஸ்’ கப்பலின் படம் ஒன்று சட்டமிட்டு மாட்டியிருக்கிறது. என் மகள் வாங்கித் தந்தது. அண்டார்க்டிகாவின் வெடல் கடலில் பனிக்கட்டிகள் இறுக்கிப் பிடித்திருந்த அந்தக் கப்பலை, 1915 ஆகஸ்ட் இறுதியில் ஓர் இரவில் ஃபிராங்க் ஹர்லி படம்பிடித்தார். கப்பலைச் சுற்றி ஏறத்தாழ 20 இடங்களில் ஒளிப்பொடியைக் கொளுத்தி எடுத்த படம் அது. கறுத்த வானத்தின் முன்னால் பாய்மரங்களும் கயிறுகளும் உறைபனி படிந்து வெள்ளை வெளேரென்று தெரிகின்றன.

வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் பயணத்தின் தலைவர் ஷேக்கல்டனைப் பற்றிப் பேசுவார்கள். நான் கப்பலின் தச்சர் ஹாரி மெக்னிஷைப் பற்றிச் சொல்வேன். கப்பல் நொறுங்கி மூழ்கிய பிறகு, 7 மீட்டர்கூட இல்லாத ஒரு படகின் பக்கங்களை உயர்த்தி, மேலே மரச்சட்டமும் கித்தானும் அடித்து, இடுக்குகளை விளக்குத் திரியாலும் ஓவியச் சாயத்தாலும் கடல்நாயின் ரத்தத்தாலும் அடைத்தவர் அவர். அந்தப் படகில்தான் ஷேக்கல்டனும் மெக்னிஷும் சேர்ந்து 6 பேர் சுமார் 1,300 கிலோமீட்டர் கடலைக் கடந்து சவுத் ஜார்ஜியா தீவை அடைந்தார்கள். எலிஃபண்ட் தீவில் மீட்புக்காகக் காத்திருந்த மீதி 22 பேரும் அதனால்தான் உயிரோடு ஊர் திரும்பினார்கள். ஆனால் பனிமேல் நடந்த பயணத்தில் தலைவரோடு முரண்பட்டவர் மெக்னிஷ். துருவப் பதக்கத்துக்கு அவர் பெயரை ஷேக்கல்டன் பரிந்துரைக்கவில்லை. உயிர் காத்த கைக்குப் பதக்கம் இல்லை என்பது இன்றும் எனக்கு நெஞ்சு பொறுக்காத செய்தி.

நான் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து துவாஸ் கப்பல் பட்டறைகளில் வெல்டராக வேலை பார்த்தவன். அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சிங்கப்பூரும் பனியுடைக்கும் கப்பலைக் கட்டியிருக்கிறது. ‘வரண்டே’, ‘தொபோய்’ என்ற இரு கப்பல்களை ரஷ்யாவின் லுக்காயில் நிறுவனத்துக்காகக் கெப்பல் சிங்மரீன் பட்டறை 2008இல் கட்டி முடித்துக் கொடுத்தது. பேரண்ட்ஸ் கடலில் எண்ணெய் முனையத்தைச் சுற்றிப் பனியை உடைத்து, எண்ணெய்க் கப்பல்களுக்கு வழி செய்வது அவற்றின் வேலை.

அப்படிப்பட்ட கப்பலுக்குச் சாதாரண இரும்பு ஆகாது. கடுங்குளிரில் இரும்பு கண்ணாடிபோல் நொறுங்கும். ‘ஈ’ வகை எஃகு என்றால் சோதனைத் துண்டைப் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக்குக் குளிர்வித்துச் சம்மட்டியால் அடித்துப் பார்த்த பிறகே ஏற்பார்கள். நீர்மட்டத்தில் பனி மோதும் இடத்தில் பிளேட் தடிமன் கூடும். உள்ளே பிரேம்கள் நெருக்கமாக வரும். தடித்த பிளேட்டை முதலில் டார்ச்சால் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டால் வெல்டிங் ஆறும்போது ஹைட்ரஜனால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். அல்ட்ராசோனிக் சோதனையில் அது தெரிந்தால் அந்த இடத்தைத் தோண்டியெடுத்து மறுபடி பற்றவைக்க வேண்டும். வெளியே 32 டிகிரி வெயில். சூடேறிய பிளேட்டுகளுக்கு நடுவே, டாங்குக்குள், புளோயர் காற்று ஒன்றே துணை. வேலை முடிந்து வெளியே வந்தால் அங்கியில் உப்பு கோடு கோடாகப் பூத்திருக்கும். துருவக் கடலுக்குப் போகும் கப்பல் அந்த வியர்வையில்தான் உருவாகிறது.

இந்தக் கப்பல்களின் பெயரை இணையத்தில் தேடினால் நீளம், எஞ்சின் திறன், உரிமையாளர் எல்லாம் வருகின்றன. பிளேட்டைப் பற்றவைத்தவர் பெயர் வருவதில்லை. 2023இல் கெப்பலின் கடல்துறைப் பிரிவும் செம்ப்கார்ப் மரீனும் இணைந்து சீட்ரியம் ஆயின. பட்டறைகள் பெயர் மாறும். ஆட்கள் ஊர் திரும்பிவிடுவார்கள். கைப்பேசியில் இருந்த படங்கள் கைப்பேசியோடு போய்விடும். தமிழ்நாட்டிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்து இந்தத் தீவின் கப்பல்களைக் கட்டிய ஒரு தலைமுறையின் சாட்சியம் நம் கண்முன்னே கரைந்துகொண்டிருக்கிறது.

ஆர்க்டிக் மன்றத்தில் சிங்கப்பூர் 2013 முதல் பார்வையாளர் நாடு. அந்தப் பெருமையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, பனியுடைக்கும் கப்பலைக் கட்டிய கைகளையும் காட்ட வேண்டும். பொங்கோல் வட்டார நூலகத்தில் இந்தக் கப்பல்களின் படம் சட்டமிட்டு மாட்டப்பட வேண்டும். தேக்காவில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் கப்பல் பட்டறை ஊழியர்களின் படங்களையும் அவர்கள் வாய்மொழியையும் திரட்ட முன்வர வேண்டும். வணிகர், ஆசிரியர், துறைமுகத் தொழிலாளர் வரலாற்றோடு வெல்டர், ஃபிட்டர், பெயின்டர் வரலாறும் சேரட்டும்.

பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். கப்பல் தண்ணீரில் இறங்கிய நாளில் கூட்டாளிகளோடு எடுத்த படம் உங்களிடம் இருக்கும். அதை அச்சிட்டு எடுத்துவையுங்கள். பின்பக்கத்தில் கப்பலின் பெயர், ஆண்டு, நிற்பவர் ஒவ்வொருவரின் பெயர், சொந்த ஊர் ஆகியவற்றை இன்றே எழுதுங்கள்.